லிஸ்டன் விழுந்தாரா, படுத்தாரா?

குத்துச்சண்டை வீரர் சோனி லிஸ்டன் முகமது அலியிடம் வேண்டுமென்றே தோற்றார் என்றுதான் நானும் கல்லூரி நாட்களில் அடித்துப் பேசுவேன். இப்போது அப்படிப் பேசுவதில்லை. ஏன் என்று சொல்கிறேன், உங்களுக்கு நேர்ந்ததையும் சொல்லுங்கள்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. 1965 மே 25, அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் லூயிஸ்டன் என்ற சிறிய மில் ஊர். ஹெவிவெயிட் உலகப் பட்டச் சண்டை அங்கே போய்ச் சேர்ந்ததே ஒரு கூத்து. 1964 நவம்பரில் பாஸ்டனில் நடக்க வேண்டியது. மூன்று நாள் இருக்கும்போது முகமது அலிக்குக் குடலிறக்க ஆபரேஷன். அப்புறம் அங்கிருந்த அரசு வழக்கறிஞர் சண்டையை நடத்துகிறவர்கள் மேல் சிக்கலைக் கிளப்ப, பாஸ்டனும் கைவிட்டுப் போயிற்று. கடைசியில் கிடைத்தது பள்ளிப் பையன்கள் ஐஸ் ஹாக்கி ஆடும் ஒரு கூடம். வந்த கூட்டம் 2,434 பேர். எங்கள் ஊர்த் திருவிழாவில் பாட்டுக் கச்சேரிக்கே அதைவிட அதிகம் வரும்.

முதல் ரவுண்டு. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. லிஸ்டன் இடது கையால் ஒரு ஜாப், அதாவது கையை நேராக நீட்டிக் குத்துகிற குத்து, விடுகிறார். அலி லேசாகப் பின்னால் சாய்ந்து, வலது கையால் மேலிருந்து வெட்டுகிற மாதிரி ஒன்று வைக்கிறார். லிஸ்டன் கீழே. அரங்கில் பலர் அந்தக் குத்தையே பார்க்கவில்லை, அதனால்தான் ‘பேய்க்குத்து’ என்று பெயர் வந்தது. அலி விதிப்படி பொதுவான மூலைக்கு ஒதுங்காமல் தலைமாட்டில் நின்று ‘எழுந்திருச்சு சண்டை போடுடா’ என்று கத்துகிறார். நீல் லைஃபர் எடுத்த அந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. லிஸ்டன் பாதி எழுந்து, மறுபடி மல்லாந்து உருள்கிறார். பார்த்தால் மேடை நாடகம் மாதிரிதான் இருக்கும்.

இப்போது என் கதை. கல்லூரி இரண்டாம் ஆண்டு, மாவட்டப் போட்டி. எதிரே நின்றவன் என்னைவிட ஒல்லி. ஜாப் விட்டேன். அடுத்து நினைவிருப்பது கூரையில் இருந்த ட்யூப்லைட்தான். காதுக்கு மேலே பட்டிருக்கிறது. வலியே இல்லை. ‘எழுந்திருடா’ என்று கோச் கத்துவது நன்றாகக் கேட்கிறது, கால்தான் என்னுடையதாக இல்லை. விழுந்தவன் பத்து எண்ணுவதற்குள் எழ வேண்டும். ரெஃப்ரி ஆறு எண்ணும்போது கால் திரும்பி வந்துவிட்டது. நான் எழவில்லை. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அறைக்கு வந்ததும் நண்பன் கேட்ட முதல் கேள்வி, ‘எவ்வளவுடா வாங்கின?’ அவன் செல்போனில் எடுத்த வீடியோவில் குத்தே தெரியவில்லை. நான் பாட்டுக்குப் போய்ப் படுத்த மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகுதான் லூயிஸ்டன் சண்டையை மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். ஜாப் விடும்போது உடம்பின் பாரமெல்லாம் முன்காலில் இருக்கும். அலியின் குத்து பட்டதும் லிஸ்டனின் இடது கால், அதாவது பாரம் தாங்கிய அதே கால், தரையைவிட்டு எழும்புகிறது. நடிக்கிறவனுக்கு அதெல்லாம் தோன்றாது.

இன்னொன்று. அன்று ரிங்குக்குள் ஒழுங்காக எண்ணவே இல்லை. ரெஃப்ரி ஜெர்சி ஜோ வால்காட், முன்னாள் சாம்பியன். அவர் அலியைத் தள்ளிக்கொண்டு போவதிலேயே இருந்தார். லிஸ்டன் எழுந்து இருவரும் மறுபடி மோத ஆரம்பித்தபோது, கீழே உட்கார்ந்திருந்த பத்திரிகை ஆசிரியர் நாட் ஃபிளெய்ஷர் ‘பத்து தாண்டிவிட்டது’ என்று கத்த, வால்காட் அவர்களை விட்டுவிட்டுக் கயிறு ஓரம் வந்து பேசிவிட்டுத் திரும்பிப் போய்ச் சண்டையை நிறுத்தினார். காசு வாங்கிப் படுத்தவர் எழுந்து ஏன் மறுபடி கையைத் தூக்க வேண்டும்? படுத்தே கிடந்திருக்கலாமே.

* * *

ராயபுரத்திலிருந்து எழுதுகிறேன். என் பெரியப்பா இளவட்டத்தில் துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டே ரோஷமான குத்துச்சண்டை போட்டவர். 1980-ல் அலி மெட்ராஸ் வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்டபோது போய்ப் பார்த்தார். சாகும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தார். ‘கை போறது தெரியலடா, திரும்பி வர்றதுதான் தெரிஞ்சுது’ என்பார். அப்போது அலிக்கு 38 வயது, உடம்பும் போட்டிருந்தது. லூயிஸ்டனில் 23. குத்து தெரியவில்லை என்பதை வைத்துக் குத்தே இல்லை என்று எப்படிச் சொல்வது?

படுக்கிற விவகாரமும் பெரியப்பாவுக்கு அத்துப்படி. காசு வாங்கினவன் முதல் ரவுண்டில் விழமாட்டானாம். நாலு ரவுண்டு வாங்கி, நாலு கொடுத்து, வாயில் கொஞ்சம் ரத்தம் வந்த பிறகு கௌரவமாகச் சாய்வானாம். ‘டிக்கெட் வாங்கினவன் கல்லெடுத்து அடிப்பான்ல?’ என்பார்.

* * *

கோவைக்காரன். நீங்கள் இருவரும் காசையே பேசுகிறீர்கள். எனக்குக் குத்துச்சண்டை தெரியாது, கபடிதான். ஒரு கிராமத்துக்கு ஆடப் போயிருந்தோம். இடைவேளையில் உள்ளூர்ப் பெரிய மனுஷன் ஒருவர் வந்து தோளில் கை போட்டு, ‘தம்பி, ராத்திரி பத்திரமா ஊர் போய்ச் சேரணும்ல?’ என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஒரு பைசா தரவில்லை. இரண்டாம் பாதியில் பக்கத்துக்காரன் கையைக் கோத்துக்கொண்டுதான் நின்றேன். ஆள் உள்ளே வந்தபோது இறுக்கவில்லை, அவ்வளவுதான். வேண்டுமென்றே தோற்றேனா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பதில் வராது.

லிஸ்டனை நினைத்துப் பாருங்கள். சிறையில் குத்துச்சண்டை கற்றவர். ஃபிராங்கி கார்போ, பிளிங்கி பலெர்மோ என்று மாஃபியா ஆட்களின் கையில் இருந்தவர். 1964-ல் மயாமி பீச்சில் அலியிடம் ஏற்கெனவே தோள் போய்விட்டது என்று ஏழாவது ரவுண்டுக்கு ஸ்டூலைவிட்டு எழாதவர். அலி சேர்ந்திருந்த கறுப்பு முஸ்லிம் இயக்கத்தைவிட்டு விலகிய தலைவர் மால்கம் எக்ஸை 1965 பிப்ரவரியில் சுட்டுக் கொன்றிருக்கிறார்கள், அதற்காக அலியை யாராவது பழிவாங்குவார்கள் என்று லூயிஸ்டனில் ஒரே பேச்சு, அரங்கைச் சுற்றிப் போலீஸ். அந்த ரிங்கில் ஒரு மனுஷன் கீழே கிடக்கிறார். எழுந்தால் என்ன லாபம் என்று தோன்றாதா? உலகச் சாம்பியனாக இருந்த ஃபிளாய்ட் பேட்டர்சனை இரண்டு தடவை முதல் ரவுண்டிலேயே சாய்த்த ஆள் இவர். அந்தக் குத்துக்கா அப்படி உருளுவார்?

* * *

சின்ன இடைச்செருகல். லூயிஸ்டனுக்கு ஐம்பது வருடம் முன்னால், 1915-ல் ஹவானாவில் நடந்த ஹெவிவெயிட் பட்டச் சண்டையிலும் இதே பஞ்சாயத்து. 26-வது ரவுண்டில் ஜெஸ் வில்லர்டிடம் விழுந்த சாம்பியன் ஜாக் ஜான்சன் மல்லாந்து கிடக்கும் படத்தில், கை கண்ணுக்கு மேலே வெயிலை மறைக்கிற மாதிரி இருக்கும். ஜான்சனே பிறகு விட்டுக்கொடுத்தேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். விட்டுக்கொடுக்கிறவன் அந்தக் கொதிக்கிற வெயிலில் 25 ரவுண்டு காத்திருப்பானா? தோற்றேன் என்பதைவிட விற்றேன் என்பது சிலருக்குச் சுலபம் போல.

* * *

முதலில் எழுதியவன்தான். கோவைக்காரர் சொன்னதைப் படித்துவிட்டு நேற்று சரியாகத் தூக்கமில்லை. விழுந்தது நிஜம் என்பதில் இன்னும் மாற்றமில்லை. அந்த உருண்டதைப் பற்றி மட்டும் இனி வாதாட மாட்டேன். லிஸ்டனையும் கேட்க முடியாது. 1971 ஜனவரியில் லாஸ் வேகாஸ் வீட்டில் அவர் இறந்து கிடந்ததை ஊரிலிருந்து திரும்பிய மனைவி வந்துதான் பார்த்தார்.

என்னை அடித்தவனைப் போன மாதம் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். தொப்பை வைத்து, கையில் குழந்தையோடு நின்றான். அவனே ஆரம்பித்தான். ‘அண்ணா, அன்னிக்கு நீங்க எழுந்திருப்பீங்கன்னு நெனச்சேன். நானே பயந்துபோய்தான் நின்னேன்.’

பந்தியில் இடம் இருக்கிறதா பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன்.