டோக்கியோவில் ஒரே நாள்: யோயோகி, தேசிய ஸ்டேடியம், கொமாசவா – 24 பேர் குழுவுக்கு எப்படித் திட்டமிடுவது?

தொங்குகூரை:
வணக்கம். சிவில் பொறியாளர்களும் கட்டடக்கலை மாணவர்களுமாக 24 பேர், நவம்பர் கடைசி வாரம் ஜப்பான் குழுச் சுற்றுலா. டோக்கியோவில் ஒரு முழு நாளை விளையாட்டுக் கட்டடங்களுக்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். தங்குவது ஷின்ஜுகுவில். ஏஜென்சி கொடுத்த பட்டியலில் ஏழு இடங்கள் இருக்கின்றன. யோயோகி விளையாட்டரங்குக்கு 20 நிமிட 'ஃபோட்டோ ஸ்டாப்' மட்டும்தான். ஏழு இடங்களையும் பார்க்க முடியுமா? உள்ளே போக வழி உண்டா? பஸ் வைத்துக்கொள்ளலாமா, ரயிலா?

கேபிளும்தூணும்:
ஏழு இடங்களை மூன்றாக்குங்கள். யோயோகிக்கு 20 நிமிடம் என்பது அநியாயம். கென்சோ தாங்கே வடிவமைத்து, பொறியாளர் யோஷிகட்சு சுபோய் கணக்குப் போட்டு, 1964 ஒலிம்பிக்கில் நீச்சலுக்காகக் கட்டிய அரங்கம் அது. இரண்டு மணி நேரமாவது வேண்டும்.

அங்கே இரண்டு ஜிம்னேசியங்கள். பெரியதான முதல் ஜிம்னேசியத்தை இந்த வரிசையில் பாருங்கள். முதலில் இரண்டு தூண்கள். இடைவெளி 126 மீட்டர். அவற்றின் உச்சியில் தொங்கும் இரண்டு முக்கியக் கேபிள்கள் ஒவ்வொன்றும் 33 செ.மீ. விட்டம். நடுவில் அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. அந்த இடைவெளிதான் உள்ளே வெளிச்சம் தரும் திறப்பு. அடுத்து, தூணைத் தாண்டி வெளிப்பக்கம் இறங்கும் கேபிள் தரையில் கான்கிரீட் கட்டையில் நங்கூரமிடப்படும் இடம். பெரும்பாலான குழுக்கள் முன்வாசலில் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுவதால் இதைத் தவறவிடுகின்றன. கட்டடத்தின் முனைப் பக்கம் நடந்து போனால்தான் தெரியும்.

மூன்றாவது, கூரையின் வளைவு. அது வெறும் கேபிள் வலை அல்ல. தாங்கே விரும்பிய வளைவு, கேபிள் தானாகத் தொங்கும் வளைவோடு பொருந்தவில்லை. அதனால் முக்கியக் கேபிளிலிருந்து இருக்கை அடுக்கின் வெளி விளிம்பு வரை விறைப்புள்ள எஃகு உறுப்புகளைத் தொங்கவிட்டு, மேலே 4.5 மி.மீ. எஃகுத் தகடு வேய்ந்தார்கள். காற்றில் கூரை அதிராமல் இருக்க முக்கியக் கேபிள்களோடு எண்ணெய் டாம்பர்களும் (அதிர்வு தணிக்கும் கருவிகள்) இணைத்தார்கள். மாணவர்களுக்கு இதை முந்தின இரவே வரைந்து காட்டிவிடுங்கள். அங்கே போய் விளக்கத் தொடங்கினால் பாதி நேரம் போய்விடும்.

பக்கத்திலுள்ள இரண்டாம் ஜிம்னேசியம் சிறியது. ஒற்றைத் தூணைச் சுற்றிக் கூரை சுருளாக இறங்கும். என் கணிப்பில் இரண்டில் இதுதான் கற்றுக்கொள்ள எளிது, ஏனென்றால் விசை போகும் பாதையை ஒரே பார்வையில் பின்தொடரலாம். இரண்டும் 2021இல் முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவிக்கப்பட்டன.

உள்ளே போக: தினசரிச் சுற்றிக்காட்டல் என்று நம்பிப் போகாதீர்கள். நம்பகமான வழி நிகழ்ச்சி டிக்கெட். இசை நிகழ்ச்சி வேண்டாம். படம் எடுக்க விடமாட்டார்கள், டிக்கெட்டும் பெரும்பாலும் குலுக்கல் முறை. உங்கள் தேதியில் விளையாட்டுப் போட்டி இருக்கிறதா என்று அரங்கின் நாட்காட்டியில் பாருங்கள். நாட்காட்டியைப் பார்த்துவிட்டுத் தேதியை முடிவு செய்யுங்கள். தேதியை முடிவு செய்துவிட்டு நாட்காட்டியைத் தேடினால் ஏமாற்றம்தான்.

மஞ்சள்_ரயில்:
பஸ் வேண்டாம். பெரிய பஸ் சாலையோரம் நின்று காத்திருக்க முடியாது. இறக்கிவிட்டு வேறெங்கோ போய்விடும், திரும்ப வர நேரம் பிடிக்கும். ரயிலில் வழி இதுதான்:

ஷின்ஜுகுவிலிருந்து மஞ்சள் நிறச் சூவோ-சோபு ரயிலில் இரண்டாவது நிறுத்தம் செண்டகயா. ஆரஞ்சு நிறச் சூவோ ரயிலில் ஏறினால் அது செண்டகயாவில் நிற்காது. குழுக்கள் சிதறுவது இந்த இடத்தில்தான். செண்டகயா வாசலுக்கு எதிரே ஃபுமிஹிகோ மாகியின் டோக்கியோ பெருநகர ஜிம்னேசியம் (1990). அதைத் தாண்டி நடந்தால் தேசிய ஸ்டேடியம்.

அங்கிருந்து யோயோகி அரங்குக்கு அதே மஞ்சள் ரயிலில் ஒரு நிறுத்தம் பின்னால் வந்து, யோயோகி நிலையத்தில் யமனோதே ரயிலுக்கு மாறி, அடுத்த நிறுத்தமான ஹராஜுகுவில் இறங்குங்கள். பெயரைப் பார்த்து யோயோகி நிலையத்திலேயே வெளியேறிவிடாதீர்கள். அரங்கம் இருப்பது ஹராஜுகு பக்கம்.

24 பேரை 12, 12 ஆகப் பிரித்து, இரண்டு பெட்டிகளில் ஏறுங்கள். இறங்கும் நிலையத்தின் பெயரும் வெளியேறும் வாசலின் பெயரும் எல்லோர் போனிலும் இருக்கட்டும். ஒருவர் விடுபட்டால் அவர் அடுத்த ரயிலில் வரட்டும். முன்னே போனவர்கள் திரும்பி வந்து தேடக் கூடாது. சூயிக்கா அட்டையில் (ரயில் கட்டண அட்டை) முதல் நாளே பணம் ஏற்றிவிடுங்கள். காலை 7:30 முதல் 9:30 வரை ஷின்ஜுகுவில் குழுவாக ஏறுவது நடக்காத காரியம்.

தொங்குகூரை:
மிக்க நன்றி. தேசிய ஸ்டேடியத்தின் உள்ளே போவது அவசியமா, வெளியே சுற்றினால் போதுமா? கொமாசவா பூங்காவை விட்டுவிடலாமா?

கேபிளும்தூணும்:
தேசிய ஸ்டேடியம் உள்ளே போனால்தான் பயன். வெளியே தெரிவது கட்டடக் கலைஞர் கெங்கோ குமாவின் இறவாண (கூரை விளிம்பு) அடுக்குகள். அந்தச் செங்குத்து மரச் சட்டங்கள் 47 மாகாணங்களிலிருந்தும் வந்தவை: 46இலிருந்து தேவதாரு, ஒகினாவாவிலிருந்து மட்டும் பைன். அந்தந்த மாகாணம் இருக்கும் திசையிலேயே அதன் மரத்தைப் பதித்திருக்கிறார்கள். ஆனால் பொறியாளர் பார்க்க வேண்டியது கூரை ட்ரஸ் (கூரையைத் தாங்கும் சட்டகம்). இருக்கைகளுக்கு மேல் சுமார் 60 மீட்டர் நீண்டு நிற்கும் அதில் எஃகோடு மரமும் சேர்ந்திருக்கிறது. காற்றிலும் நிலநடுக்கத்திலும் ஏற்படும் உருமாற்றத்தை மரத்தின் விறைப்பு குறைக்கிறது. அதை உள்ளிருந்துதான் பார்க்க முடியும். ஸ்டேடியம் சுற்றிக்காட்டல் எல்லா நாளும் கிடையாது, போட்டி நாளில் இல்லை. 24 பேர் என்பதால் முன்பதிவு கட்டாயம்.

ஒரு எச்சரிக்கை: நவம்பர் கடைசியில் பக்கத்து கிங்கோ மரச்சாலை மஞ்சளாகும், கையென்மே நிலையப் பக்கம் நிற்க இடமிருக்காது. செண்டகயா வழியாகவே போய் வாருங்கள்.

மஞ்சள்_ரயில்:
கொமாசவாவை விடாதீர்கள், பட்டியலிலிருந்து புடோகான் அரங்கை (தற்காப்புக் கலை அரங்கம்) விடுங்கள். புடோகானிலும் நிகழ்ச்சி இருந்தால்தான் உள்ளே போக முடியும். கொமாசவா பூங்கா திறந்தவெளி. யோஷினோபு அஷிஹராவின் ஜிம்னேசியம், 50 மீட்டர் கட்டுப்பாட்டுக் கோபுரம், நடுவே கல் பாவிய சதுக்கம் எல்லாம் இலவசமாகப் பார்க்கலாம். கூட்டமும் குறைவு. ஷிபுயாவிலிருந்து தென்-என்-தோஷி தடத்தில் மூன்றாவது நிலையம் கொமாசவா-தைகாகு. பிறகு 15 நிமிட நடை. எக்ஸ்பிரஸில் ஏறாதீர்கள், அது அங்கே நிற்காமல் ஃபுதாகோ-தமாகவா வரை இழுத்துப் போய்விடும்.

நேரம்: 9:45க்குக் கிளம்பிக் கொமாசவா, மதியம் 12:30 வாக்கில் தேசிய ஸ்டேடியம், 2:15க்கு யோயோகி. நவம்பர் கடைசியில் 4:30க்கே சூரியன் மறைந்துவிடும், அதனால் யோயோகியை அதற்குமேல் தள்ளாதீர்கள். சுற்றிக்காட்டலுக்குக் காலை நேரம்தான் கிடைத்தது என்றால் கொமாசவாவை அடுத்த நாள் விடியலுக்கு மாற்றிவிடலாம்.

இருட்டுவதற்கு முன் ஷிபுயா ஸ்கை (உயரமான கட்டட உச்சியிலுள்ள பார்வைத் தளம்) மேல்தளத்துக்குப் போக முடிந்தால் போங்கள். யோயோகியின் இரண்டு கூரைகளும் வரைபடம் போலவே கீழே விரியும். தரையிலிருந்து பிடிபடாத சுழல் அங்கிருந்து உடனே புரியும். சூரிய மறைவு நேரத்து டிக்கெட்தான் முதலில் தீரும். பைகளை லாக்கரில் வைக்கச் சொல்வார்கள், முக்காலியும் செல்ஃபி குச்சியும் கூடாது. காற்று பலமாக வீசினாலோ மழை பெய்தாலோ மேல்தளத்தை மூடிவிடக்கூடும். அப்படியானால் 46ஆம் தளத்துக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.