டர்னிப் கிழங்கா பிரித்தானியப் பேரரசைக் கட்டியது?

கரிசல்காட்டான்:
மணி நேற்று இங்கே பகிர்ந்த காணொளியைப் பார்த்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "1730இல் டவுன்ஷெண்ட் பிரபு இங்கிலாந்தில் டர்னிப்பை அறிமுகப்படுத்தினார், அதனால் உணவு பெருகியது, ஆலைகளுக்கு ஆள் கிடைத்தது, பேரரசு எழுந்தது" என்பதுதான் அதன் சாரம். டவுன்ஷெண்ட் பிறந்தது 1674இல். அவர் சிறுவனாக இருந்தபோதே அவர் குடும்பத்தின் ரேன்ஹம் பண்ணையில் டர்னிப் விளைந்தது. கிழக்கு இங்கிலாந்தின் நார்ஃபோக், சஃபோக் பகுதிக் குடியானவர்கள் 17ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலேயே அதைத் தீவனமாகப் பயிரிட்டார்கள். பாடுபட்டது ஒருத்தன், பெயர் வாங்கியது இன்னொருத்தன். இதை இன்னும் எத்தனை காலத்துக்கு வரலாறு என்று சொல்லிக்கொண்டிருப்பீர்கள்?

மான்செஸ்டர் மணி:
வாங்க அண்ணே, எங்கே இன்னும் காணோமே என்று பார்த்தேன். ஒரு மூலையில் நாலு பேர் பயிரிட்டதும் நாடே திரும்பிப் பார்த்ததும் ஒன்றா? டவுன்ஷெண்ட் ஹேக் நகரில் தூதராக இருந்தவர், பிறகு அமைச்சர். மைத்துனரான பிரதமர் ராபர்ட் வால்போலோடு மனக்கசப்பாகி, 1730இல் பதவியை உதறிவிட்டு ஊருக்குப் போய் விவசாயத்தில் இறங்கினார். அவ்வளவு பெரிய மனிதர் செய்வதைப் பார்த்துத்தான் மற்ற நிலக்கிழார்களும் செய்தார்கள். அலெக்சாண்டர் போப்பின் கவிதையிலேயே அவருடைய டர்னிப் வருகிறது. உங்கள் குடியானவனைப் பற்றி யார் கவிதை எழுதினார்கள்?

கரிசல்காட்டான்:
கவிதையில் வந்துவிட்டால் பயிர் அவருடையதாகிவிடுமா? அவர் சிறுவனாக இருந்தபோதே விளைந்தது என்கிறேன். அதற்குப் பதில் சொல்லுங்கள்.

சாக்பீஸ்:
இரண்டு பேரும் ஆளைப் பற்றியே பேசுகிறீர்கள், மண்ணைப் பற்றிப் பேச ஆளில்லை. நார்ஃபோக் முறையில் நான்கு வருடச் சுழற்சி: கோதுமை, டர்னிப், பார்லி, க்ளோவர் என்ற பயறுவகைத் தீவனச் செடி. பழைய மூன்று வயல் முறையில் மூன்றில் ஒரு பங்கு நிலம் சும்மா கிடந்தது. டர்னிப் போட்டால் களை கொத்தலாம், குளிர்காலத்தில் அந்த வயலிலேயே ஆட்டுக்கிடை போடலாம், புழுக்கை உரமாகும். எல்லாம் சரி. ஆனால் மண்ணுக்குத் தழைச்சத்து தந்தது க்ளோவர். நம்மூரில் நெல் தரிசில் உளுந்து விதைக்கிற அதே கணக்கு. அதுவும் நார்ஃபோக் மணற்பாங்கான மண். நடு இங்கிலாந்தான மிட்லண்ட்ஸ் பக்கத்துக் களிமண்ணில் தண்ணீர் தேங்கி டர்னிப் தேறவில்லை. நாடு முழுவதற்கும் டர்னிப்பைக் காரணமாகச் சொல்வது தவறு. க்ளோவரைச் சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

மான்செஸ்டர் மணி:
சார் இங்கேயும் விடைத்தாள் திருத்த வந்துவிட்டார். அந்தச் சுழற்சியைப் பெரிய அளவில் செய்துகாட்டியவர் டவுன்ஷெண்ட். அதில் க்ளோவரும் அடக்கம்தானே?

கரிசல்காட்டான்:
க்ளோவரும் அவருக்கு முன்பே வந்ததுதான். சர் ரிச்சர்ட் வெஸ்டன் இன்றைய பெல்ஜியம் பக்கத்து ஃப்ளாண்டர்ஸில் பார்த்துவிட்டு வந்து 1640களிலேயே எழுதிவைத்தார். அப்போது டவுன்ஷெண்ட் பிறக்கவே இல்லை. டர்னிப் விஷயத்திலாவது சிறுவனாக இருந்தார்.

வங்கக்கடல்:
கிழங்கையும் புல்லையும் வைத்துக்கொண்டு ஒரு இழையா? 1757இல் பிளாசிப் போர். 1765இல் வங்காளத்தின் வரி வசூல் உரிமை கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்தது. 1769இல் ஜேம்ஸ் வாட் தன் நீராவி எந்திரத்துக்குக் காப்புரிமை வாங்குகிறார். 1770இல் வங்காளத்தில் லட்சக்கணக்கானோர் பட்டினியில் சாகிறார்கள். இந்த வருடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க உங்களில் யாருக்கும் மனம் வரவில்லை. நம் பணத்தில்தான் அந்த எந்திரம் ஓடியது.

மான்செஸ்டர் மணி:
வருடங்களைப் பக்கத்தில் வைத்தால் காரணம் ஆகிவிடாது. நியூகோமனின் நீராவி எந்திரம் 1712லேயே டட்லி பக்கம் சுரங்கத்திலிருந்து நீர் இறைத்தது. பிளாசிக்கு 45 வருடம் முன்பு. அந்தப் பணம் எங்கிருந்து போனதாம்?

வங்கக்கடல்:
சுரங்கத்தில் நீர் இறைத்ததைச் சொல்லித் தப்பிக்காதீர்கள். துணியைப் பேசுவோம். மசூலிப்பட்டினத்திலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் போன அச்சுத்துணியோடு போட்டிபோட முடியாமல், 1721இல் அந்த வகைத் துணியை உடுத்தவே கூடாது என்று சட்டம் போட்டார்கள். 1771இல் ஆர்க்ரைட் கிராம்ஃபர்டில் பஞ்சாலை கட்டுகிறார். 1774இல் அந்தச் சட்டத்தை எடுத்துவிடுகிறார்கள். கதவைச் சாத்திவைத்துத் தொழில் கற்றுக்கொண்டவர்களுக்கு நீங்கள் டர்னிப் மாலை போடுகிறீர்கள்.

சாக்பீஸ்:
பிளாசிப் பணம் வாட்டின் பட்டறைக்குப் போனதற்குக் கணக்கு உண்டா? ஆரம்பத்தில் அவருக்குப் பணம் போட்டவர் ஸ்காட்லாந்தில் இரும்பாலை வைத்திருந்த ஜான் ரோபக். இதைப் போன தடவையே சொன்னேன். அப்போது பாதியில் காணாமல் போனீர்கள்.

வங்கக்கடல்:
காணாமல் போகவில்லை சார். நீங்கள் பேசுகிற தொனி பிடிக்காமல் விலகினேன். இரண்டும் வேறு.

கரிசல்காட்டான்:
பிளாசிக்கு வேறு இழை தொடங்குங்கள். இங்கே நான் கேட்பது ஒன்றுதான்: குடியானவன் செய்ததைப் பிரபுவின் கணக்கில் ஏன் எழுதுகிறீர்கள்?

அந்தப் பிரபுக்கள் உண்மையில் செய்தது என்ன என்று சொல்கிறேன். வேலியடைப்பு, அதாவது ஊர்ப் பொதுநிலத்தை வேலிபோட்டுத் தனிச்சொத்தாக்குவது. 1604 முதல் 1914 வரை நாடாளுமன்றத்தில் 5,200க்கு மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்கள், 68 லட்சம் ஏக்கர், இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். ஊர்ப் பொதுநிலத்தில் ஒரு பசுவை மேய்த்து, சுள்ளி பொறுக்கிப் பிழைத்தவனுக்கு அந்த உரிமை போயிற்று. சட்டம் போட்ட நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருந்தவர்களும் நிலக்கிழார்கள்தான். கடைசியில் கூலிக்காரனாகி, குளிர்காலத்தில் கதிரடிக்கிற வேலையை நம்பி இருந்தான். அதற்கும் எந்திரம் வந்தது. 1830இல் தென்கிழக்கு இங்கிலாந்தின் கெண்ட்டில் தொடங்கி ஊர் ஊராக அந்த எந்திரங்களை உடைத்தார்கள். 19 பேரைத் தூக்கில் போட்டார்கள். ஏறக்குறைய 500 பேரைக் கப்பலேற்றி ஆஸ்திரேலியாவுக்கும் டாஸ்மேனியாவுக்கும் அனுப்பினார்கள். பேரரசு இப்படியும் வளர்ந்தது மணி. உங்கள் காணொளியில் இவர்களுக்கு ஒரு நிமிடமாவது உண்டா?

வரிசையாக விதைக்கும் கருவி விஷயத்திலும் இதே கதைதான். 1701 வாக்கில் இங்கிலாந்தில் ஜெத்ரோ டல் செய்தார் என்று கொண்டாடுகிறீர்கள். தாமஸ் ஹால்காட் என்ற ஆங்கிலேயக் கேப்டன் 1790களில் குண்டூர்ப் பகுதியில் விவசாயிகள் வரிசையாக விதைப்பதைப் பார்த்துவிட்டு, இது அண்மைக் கால ஐரோப்பியக் கண்டுபிடிப்பு என்றல்லவா இதுவரை நினைத்திருந்தேன் என்று எழுதினார். வரிசையாக விதைக்க என் தாத்தா பிடித்த கொருக் கலப்பைக்கு எந்தப் பிரபுவின் பெயரும் கிடையாது.

மான்செஸ்டர் மணி:
டர்னிப் பேச வந்த இடத்தில் தாத்தாவின் கலப்பை எதற்கு? நீங்கள் சொல்லும் 1830 கலவரத்துக்கும் 1738இல் இறந்த டவுன்ஷெண்டுக்கும் என்ன சம்பந்தம்? நான் பலனைச் சொல்கிறேன். 1750 வாக்கில் சுமார் 60 லட்சமாக இருந்த இங்கிலாந்து மக்கள்தொகை, 1801இல் முதல் கணக்கெடுப்பின்போது 80 லட்சத்தைத் தாண்டிவிட்டது. அவர்கள் காற்றைக் குடித்தா வாழ்ந்தார்கள்? விளைச்சல் கூடியது. கூட்டிய முறைக்கு நார்ஃபோக் என்று பெயர். நார்ஃபோக் என்றால் டவுன்ஷெண்ட்.

வங்கக்கடல்:
அந்த வீட்டுப் பெருமை தெரியுமா மணி? உங்கள் பிரபுவின் பேரன் சார்ல்ஸ் டவுன்ஷெண்ட்தான் 1767இல் அமெரிக்கக் குடியேற்றங்களின் தேயிலைக்கும் கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் வரி போட்டவர். 1773இல் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலை கடலுக்குள் போயிற்று. பேரரசைக் கட்டிய குடும்பம்!

மான்செஸ்டர் மணி:
பேரன் செய்ததற்குத் தாத்தாவை இழுப்பது நல்ல விவாதமா? உங்களிடம் இதைத்தான் எதிர்பார்த்தேன்.

சாக்பீஸ்:
க்ளோவரைப் பற்றி நான் சொன்னதற்கு இதுவரை யாரும் மறுப்பு சொல்லவில்லை. பதிவு செய்துகொள்கிறேன்.

கரிசல்காட்டான்:
நீங்கள் எதையும் பதிவு செய்துகொள்ளுங்கள் சார்.

மணி, விளைச்சல் கூடவில்லை என்று நான் எங்கே சொன்னேன்? யார் கூட்டினார்கள் என்றுதான் கேட்கிறேன். இன்னொன்று. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்து தானியம் ஏற்றுமதி செய்த நாடு. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் இறக்குமதி செய்யும் நாடாகிவிட்டது. அயர்லாந்திலிருந்து தானியமும் வெண்ணெயும் போய்க்கொண்டிருந்தன. 1845இல் அங்கே உருளைக்கிழங்கு அழுகி, அடுத்த சில வருடங்களில் சுமார் 10 லட்சம் பேர் செத்தபோதும் தானியக் கப்பல்கள் இங்கிலாந்துக்குப் போயின. மான்செஸ்டர் ஆலைத் தொழிலாளியின் வயிற்றை நார்ஃபோக் டர்னிப் நிரப்பியது என்றால் இந்தக் கப்பல்கள் எதற்கு? இதற்கும் போப் கவிதையைக் காட்டாமல் பதில் எழுதுங்கள்.

மான்செஸ்டர் மணி:
கேள்வியை மாற்றிக்கொண்டே போகிறீர்கள். இரவு வந்து விரிவாக எழுதுகிறேன்.

கரிசல்காட்டான்:
கேள்வி மாறவே இல்லை. டவுன்ஷெண்ட் சிறுவனாக இருந்தபோது ரேன்ஹமில் விளைந்த டர்னிப்பை விதைத்தது யார்?