பல் பிசகு: ‘பல் இடப்பெயர்ச்சி’க்கு ஒரு மாற்று

அன்புடையீர், வணக்கம்.

அடிபட்டுத் தன் குழிக்குள் இடம் விலகிய, ஆனால் முழுவதும் வெளியே வந்துவிடாத பல்லின் நிலையை (ஆங்கிலத்தில் luxation) தமிழில் ‘பல் இடப்பெயர்ச்சி’ எனக் குறிக்கலாம் என்ற பரிந்துரையை ஏற்க எனக்குத் தயக்கமாக உள்ளது. இடப்பெயர்ச்சி என்பது இயற்பியலில் ஏற்கெனவே வரையறை பெற்ற சொல். ஈறு நோயால் பற்கள் ஆண்டுக்கணக்கில் மெல்ல நகர்வதையும், கம்பியிட்டு அவற்றை வேண்டுமென்றே நகர்த்துவதையும்கூட அது சுட்டிவிடும். நாம் பெயரிட முயல்வதோ, அடியின் விசையில் ஒரு நொடிக்குள் பல்லைச் சுற்றியுள்ள நார் நசுங்கியோ அறுந்தோ நிகழும் காயம்.

‘பல் பிசகு’ என்பது என் முன்மொழிவு. தோள்மூட்டு பிசகிவிட்டது என்று நாம் இயல்பாகவே சொல்கிறோம். பல்லும் தாடையெலும்பின் குழியும் சேருமிடத்தை உடற்கூற்றியலும் ஒருவகை மூட்டாகவே கொள்வதால், இச்சொல் வெறும் உவமையாக நில்லாமல் பொருளோடு பொருந்துகிறது. பிசகு என்பதற்குத் தவறு என்ற பொருளும் உண்டு. ஆனால் உடலுறுப்பின் பெயரோடு சேரும்போது குழப்பம் எழுவதில்லை. வெளிப்பிசகு (பல் குழியிலிருந்து வெளிநோக்கி நீள்வது), உட்பிசகு (எலும்புக்குள் அழுந்துவது), பக்கப்பிசகு (பக்கவாட்டில் விலகுவது) என்று வகைகளையும் இதிலிருந்தே ஆக்கிக்கொள்ளலாம்.

‘பல் ஆட்டம்’ என்ற மாற்றுப் பரிந்துரை பக்கப்பிசகுக்குச் சற்றும் ஒவ்வாது. அந்நிலையில் வேரின் நுனி பெரும்பாலும் எலும்பில் சிக்கிக்கொள்வதால் பல் ஆடுவதே இல்லை. தட்டினால் உலோகம் போன்ற ஒலி எழும். மருத்துவர் மரப்பு ஊசி போட்டு, சிக்கிய வேரை முதலில் விடுவித்து, அதன்பின்தான் பல்லைக் குழிக்குள் தள்ளுகிறார். இச்செயலை ‘மீள்பொருத்தல்’ என்றால் செயற்கைப் பல் நினைவுக்கு வருகிறது. ‘மீளிருத்துதல்’ என்பதே நன்று. உட்பிசகில், வேர் முழுமையாக வளராத பல்லாயின், அது தானே மீண்டும் இறங்கி வருகிறதா என்று முதலில் காத்திருந்து பார்ப்பதும் உண்டு. அதற்குத் தனிச்சொல் தேவையில்லை என்பது என் கருத்து.

முழுவதும் கழன்று விழுந்த பல்லுக்கு வேறு சொல் கட்டாயம் வேண்டும் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நிலைப்பல் கழன்று விழுந்தால், வேரைத் தொடாமல் எடுத்து, இயன்றால் உடனே குழியில் வைக்க வேண்டும், இயலாவிட்டால் பாலில் இட்டு மருத்துவரிடம் விரைய வேண்டும். பால்பல்லையோ திரும்ப வைக்கவே கூடாது. பல் பிசகுவதற்கும் முழுவதும் கழன்று விழுவதற்கும் ஒரே சொல்லை வைத்து முதலுதவிக் குறிப்பு எழுதினால், அதைப் படிக்கும் தாய் ஒருவர், பிசகிய பல்லையும் பிடுங்கிப் பாலில் போட வேண்டுமோ என்று எண்ணக்கூடும். ஆகவே முழுவதும் கழன்று விழுவதைப் ‘பல் கழல்வு’ என்றும், அப்பல்லைத் திரும்பக் குழியில் வைக்கும் சிகிச்சையை ‘மீள்நடுகை’ என்றும் பிரித்தே வழங்குவோம்.

மீளிருத்திய பல்லை அண்டைப் பற்களோடு பிணைக்கும் அமைப்புக்குத் ‘தப்பை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். எலும்பு முறிவுக்கு அது அழகான பழஞ்சொல்தான். ஆனால் தப்பை விறைப்பானது. பல்லுக்கு இடுவதோ 0.4 மில்லிமீட்டருக்கு மிகாத மெல்லிய கம்பி. பல் சிறிதளவு அசைய இடம் தருவதற்காகவே அவ்வாறு இடுகிறார்கள். வெளிப்பிசகுக்குப் பொதுவாக 2 வாரமும் பக்கப்பிசகுக்கு 4 வாரமும் அது இருக்கும். ‘நெகிழ்கட்டு’ என்றால் அதன் இயல்பு பெயரிலேயே விளங்கும்.

அடிபட்டுத் தளர்ந்து, இடம் மட்டும் மாறாத பல்லின் நிலைக்குத்தான் எனக்கு இன்னும் நிறைவான சொல் கிட்டவில்லை. ‘குறைப்பிசகு’ என்றால் சிறிதேனும் விலகியதாகப் பொருள்பட்டுவிடுகிறது; ‘பல் தளர்வு’ என்றால் ஈறு நோயோடு கலந்துவிடுகிறது. ‘அடித்தளர்வு’ என்பது அடிப்பகுதியின் தளர்வு என்றும் படிக்க இடம் தருகிறது. இதற்கு உங்கள் பரிந்துரைகளை எதிர்பார்க்கிறேன்.