மோரிஸ் மைனர் 1000 (1959): ஊர்ந்து போனால் சூடாகி நின்றுவிடுகிறது, ஆறினால் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை ஊர்வலம், உதவுங்கள்

சிப்புட் மைனர்:

வணக்கம். பழைய காடி (கார்) தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

எங்களுடையது 1959 மோரிஸ் மைனர் 1000, நான்கு கதவு. அதே 948 சிசி எஞ்சின், யாரும் மாற்றவில்லை. எஸ்யூ கார்புரேட்டர், எஸ்யூ மின்சாரப் பெட்ரோல் பம்ப், டைனமோ, 12 வோல்ட் பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் + முனை காடியின் உடம்போடு இணைந்திருப்பது) எல்லாம் பழைய அமைப்பிலேயே இருக்கின்றன.

காலையில் சோக்கை இழுத்து, ஸ்டார்ட்டர் குமிழை இழுத்ததும் உடனே பிடித்துக்கொள்ளும். சுங்கை சிப்புட்டிலிருந்து செம்மோர் வரைக்கும் பெரிய சாலையில் போய்வந்தால் ஒரு முனகல்கூட இல்லை. டவுனுக்குள் நெரிசலில் ஊர்ந்துபோனால்தான் வினை. அரை மணி நேரம் ஆவதற்குள் இழுவை குறையும், தடுமாறும், அப்படியே நின்றுவிடும். எவ்வளவு இழுத்தாலும் பிடிக்காது. பானட்டைத் திறந்து ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். தண்ணீர் கொதிக்கவில்லை, குறையவும் இல்லை. பிளக்கும் பேட்டரியும் புதிது.

ஒரு பட்டறையில் காட்டினோம். "இதோட மல்லுக்கட்டாதீங்க, ஜப்பான் எஞ்சினைத் தூக்கி வச்சிடலாம்" என்றார்கள். அப்பா சம்மதிக்கவில்லை, எனக்கும் மனமில்லை. அப்பா வேலை செய்த தோட்டத்தில் பெரிய கிராணி (தலைமை எழுத்தர்) வைத்திருந்த காடி இது. பால்மரங்களை (ரப்பர்) வெட்டிச் செம்பனை வைத்த காலத்தில் அவர் ஓய்வுபெற்றுப் போனார், அப்பா வாங்கிக்கொண்டார். அந்த எஞ்சின் சத்தம் கேட்டுத்தான் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) பிள்ளைகள் நாங்கள் ஓரமாக ஒதுங்குவோம்.

நான் படித்துக்கொடுக்கும் தமிழ்ப்பள்ளியின் கட்டட நிதிக்காக, சுற்றுவட்டாரத்தில் பழைய காடி வைத்திருப்பவர்களைத் திடலுக்கு அழைத்திருக்கிறோம். அதற்கு முன் டவுனைச் சுற்றி ஊர்வலம், நடந்துபோகும் வேகத்தில். எங்கள் காடி சரியாக அந்த வேகத்தில்தான் நிற்கிறது. அப்பா முதல்முறையாக ஊரார் முன் இதைக் காட்டப்போகிறார், நடுத்தெருவில் தள்ளவேண்டிய நிலை வரக்கூடாது.

இன்னொன்று: காடிக்குப் பக்கத்தில் வைக்கும் அட்டையில் என்ன எழுதலாம்?

ஈப்போ மினி:

அக்கா, இது பெட்ரோல் ஆவியாகிற கேஸ் மாதிரி தெரியுது. இந்த எஞ்சின்ல கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கம், கார்புரேட்டர் அந்தச் சூட்டுலயே உட்கார்ந்திருக்கும். மெதுவா போறப்ப காத்து வராது. பெட்ரோல் குழாய்ல ஈரத்துணி சுத்திப் பாருங்க. முடிஞ்சா எலெக்ட்ரானிக் இக்னிஷனும் மின்விசிறியும் போட்டுடுங்க, என் மினி காடியில போட்டேன், நிம்மதியா இருக்கேன்.

காந்தான் லாரி:

டேங்க் மூடியையும் பாருங்க. காத்துத் துளை அடைச்சிருந்தா பெட்ரோல் வராது. நின்னதும் மூடியைத் திறங்க, உஸ்ஸுன்னு காத்து உள்ள இழுத்தா அதுதான்.

பழைய பட்டறை (தைப்பிங்):

டீச்சர், ஒரு சாமானும் வாங்காதீங்க. மேல ரெண்டு தம்பிங்க சொன்னதும் நடக்கக்கூடியதுதான். ஆனா உங்க காடியில நடக்குறது எதுன்னு நமக்கு இன்னும் தெரியாது. இந்த மாதிரிக் கோளாறுல காடி ஆறிட்டா சாட்சியும் போயிடும். பட்டறைக்கு இழுத்துட்டு வர்றப்ப நல்லா ஓடும், பொமன் (மெக்கானிக்) கைக்குக் கிடைச்சதை மாத்திக் காசு வாங்கிடுவான். அதனால நின்ன இடத்துலயே, நின்ன ரெண்டு நிமிஷத்துல பார்க்கணும். இல்லாதது பெட்ரோலா, ஸ்பார்க்கா? அது ஒண்ணு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சது.

அப்பாவையும் கூட்டிட்டு, ஓரமா நிறுத்த வசதியான இடத்துல வேணும்னே ஊர்ந்து ஓட்டி நிக்கவைங்க. நின்னதும் முதல்ல டேங்க் மூடி, காந்தான் தம்பி சொன்ன மாதிரி. அடுத்து சாவியைப் போட்டுக் காது குடுத்துக் கேளுங்க. உங்க பெட்ரோல் பம்ப் எஞ்சின் பக்கம் தடுப்புத் தகட்டுல இருக்கும், டிக் டிக்னு அடிக்கும். ரெண்டு மூணு தடவை அடிச்சு நின்னுட்டா கார்புரேட்டர் கிண்ணம் நிறைஞ்சிருக்கு, பெட்ரோல் இருக்கு. நிக்காம வேகமா அடிச்சுக்கிட்டே இருந்தா காத்தையோ ஆவியையோ இழுக்குது. பின்னால டேங்க்ல இருந்து அவ்வளவு தூரம் உறிஞ்சணும் இல்லையா, ஆவி வந்தா அதால இழுக்க முடியாது. சத்தமே இல்ல, கிண்ணமும் காலின்னா பம்ப்புக்குள்ள இருக்கிற பாயின்ட் தீஞ்சிருக்கும். ஸ்க்ரூடிரைவர் பிடியால லேசா தட்டினா உயிர் வரும், அதுவே ஆதாரம்.

சந்தேகம் தீரணும்னா கார்புரேட்டர் பக்கம் குழாயைக் கழட்டிக் கண்ணாடிப் போத்தல்ல பிடிச்சுப் பாருங்க, விட்டு விட்டுத் தெறிச்சு வரணும். இதை முடிச்சு, குழாயைத் திரும்ப மாட்டி, போத்தலை மூடித் தூரமா வச்சுட்டு, சிந்துனது காஞ்ச பிறகுதான் ஸ்பார்க் சோதனை. இதுல அவசரமே கூடாது.

பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பிரிச்சுக் குடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டர் மூடியோட நடு வயரைக் கழட்டுங்க. நல்ல ரப்பர் கையுறை போட்டு, எஞ்சின் இரும்புல இருந்து ரெண்டு நூல் (கால் அங்குலம்) இடைவெளியில பிடிங்க. அப்பா ஸ்டார்ட்டரை இழுக்கட்டும். தடிச்ச நீல ஸ்பார்க் படார்னு பாயணும். மெலிசா மஞ்சளா இருந்தாலோ இல்லாமலே போனாலோ பெட்ரோல் பக்கம் மறந்துடுங்க. அப்படியானா ஸ்பார்க்குக்கு உயர் வோல்ட் தர்ற காயில் இருக்கில்ல, ஈரத்துணியை அதோட உடம்புல மட்டும் சுத்துங்க. வயர் சொருகுற தலையில தண்ணி படக்கூடாது. ரெண்டு மூணு நிமிஷத்துல காடி பிடிச்சா, திருடன் கைக்கு வந்தாச்சு.

எலெக்ட்ரானிக் பத்தி ஈப்போ தம்பிக்கு ஒரு வார்த்தை: பாசிட்டிவ் எர்த் காடிக்கு அதுக்குன்னே செஞ்ச பெட்டி வேணும். நெகட்டிவ் எர்த் பெட்டியை மாட்டினா சாவி போட்ட உடனே செத்துடும். டீச்சர் இப்ப அந்தப் பக்கம் போகவேணாம்.

ஹில்மன் வீடு (கோலகங்சார்):

கோளாறுக்குப் பெரியவர் இருக்கிறார், நான் அட்டைக்கு வருகிறேன். ஊர்வலத்துக்கு நானும் என் ஹில்மன் மிங்க்ஸ் காடியோடு வருகிறேன்.

தயவுசெய்து வெறும் சிசி, குதிரைத்திறன் எழுதிவைக்காதீர்கள். பிள்ளைகள் தொட்டுப் பார்க்கிற மாதிரி ஏதாவது எழுதுங்கள். மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1948-ல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. உற்பத்திக்குப் போகும் கடைசிக் கட்டத்தில், காடி குறுகலாகத் தெரிகிறது என்று இசிகோனிஸ் மாதிரிக் காடியை நடுவில் நீளவாக்கில் வெட்டி, பிரித்து வைத்துப் பார்த்து, 4 அங்குலம் அகலமாக்கினார். அதன் அடையாளம் உங்கள் பானட்டின் நடுவில் ஓடும் தட்டையான பட்டை. பிள்ளைகளை அதில் விரல் வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

முன் கண்ணாடி இரண்டு துண்டாக இருந்தது 1956 வரைக்கும். அந்த ஆண்டு மைனர் 1000 வந்தபோதுதான் வளைந்த ஒற்றைக் கண்ணாடியும் 948 சிசி எஞ்சினும் வந்தன. 1960 டிசம்பரில் பத்து லட்சமாவது மைனர் வெளியே வந்தது, பிரிட்டிஷ் காடிகளில் அந்த எண்ணைத் தொட்ட முதல் ரகம் இதுதான். உங்கள் காடி பிறந்த 1959-ல் அதே இசிகோனிஸ் மினியை உலகுக்குக் கொடுத்தார். ஈப்போ தம்பியின் மினியைப் பக்கத்தில் நிறுத்துங்கள், ஒரே மனிதரின் இரண்டு காடிகள் என்று எழுதலாம். எஞ்சினும் அதே ஏ-சீரிஸ் குடும்பம்தான்.

எல்லாவற்றுக்கும் மேலே பெரிய கிராணியின் காடி என்பதை எழுதுங்கள். அந்தத் தோட்டத்து ஆட்கள் இன்னும் டவுனில் இருக்கிறார்கள். வெள்ளைத்துரையின் காடியைப் பற்றி எழுத ஆட்கள் உண்டு, கிராணியின் காடி எந்த லயத்தின் முன் நின்றது, அவசரத்துக்கு யாரைப் பிரசவத்துக்கு ஏற்றிப்போனது என்பதை நம் ஆட்கள்தான் சொல்லவேண்டும்.

சிப்புட் மைனர்:

எல்லாருக்கும் நன்றி. ஹில்மன் ஐயா, பானட் பட்டை விஷயம் அப்பாவுக்கே தெரியாது. இப்போது வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறார்.

நேற்று சாயங்காலம் சோதனை செய்துவிட்டோம். நின்றதும் டேங்க் மூடி: காற்றுச் சத்தம் இல்லை. பம்ப் சில தடவை அடித்து நின்றது. போத்தலில் பெட்ரோல் நன்றாகத் தெறித்து வந்தது. ஸ்பார்க் மெலிசாக, மஞ்சளாக, இரண்டு நூல் தூரத்தை ஒருதடவை தாண்டும், மறுதடவை தாண்டாது. டைனமோ மேல் இருக்கும் காயிலில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. ஈரத்துணி சுற்றினோம். கொஞ்ச நேரத்தில் காடி பிடித்துக்கொண்டது!

பழைய பட்டறை (தைப்பிங்):

ரொம்ப நல்லா செஞ்சிருக்கீங்க. காயில்தான். ஆனா உடனே புதுசு வாங்கி மாட்டாதீங்க, ஏன் சூடாகுதுன்னு பார்ப்போம். காடி ஆறின பிறகு காயிலோட ரெண்டு சின்ன வயரையும் கழட்டி, அந்த ரெண்டு முனைக்கும் நடுவுல மீட்டர் வச்சு ஓம் பாருங்க. காயில் மேல என்ன எழுதியிருக்கு, எந்த வயர் எந்த முனைக்குப் போகுதுன்னும் சொல்லுங்க.

சிப்புட் மைனர்:

1.5 ஓம் காட்டுகிறது ஐயா. காயில் பழையது இல்லை, ஜப்பான் பிராண்ட். வெளி ரெசிஸ்டருடன் பயன்படுத்தவும் என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கிறது. ரெசிஸ்டர் எதுவும் காடியில் இல்லை. சாவியிலிருந்து வரும் வெள்ளை வயர் + முனையிலும், டிஸ்ட்ரிபியூட்டர் வயர் − முனையிலும் இருக்கின்றன.

பழைய பட்டறை (தைப்பிங்):

அப்ப கதை முழுசா தெரிஞ்சுபோச்சு.

உங்க காடிக்கு வேண்டியது 3 ஓம் காயில். டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள காயில் கரண்ட்டை விட்டு விட்டு அறுக்கிற பாயின்ட் மூடியிருக்கிறப்ப 12 வோல்ட்டுக்கு 4 ஆம்ப் போகும். 1.5 ஓம் காயிலை ரெசிஸ்டர் இல்லாம போட்டா 8 ஆம்ப். காயில்ல சூடும் ரெண்டு மடங்கு, பாயின்ட்டும் சீக்கிரம் தீயும். இப்ப ஏன் ஊர்ந்தா மட்டும் நிக்குதுன்னு கேப்பீங்க. வேகமா சுத்துறப்ப பாயின்ட் மூடித் திறக்குற நேரம் ரொம்பக் குறைவு, காயில்ல கரண்ட் முழுசா ஏறுறதுக்குள்ள அறுந்துடும். மெதுவா சுத்துறப்ப ஒவ்வொரு தடவையும் முழுசா ஏறும். அதுக்கு மேல, பானட்டுக்குள்ள காத்தும் இல்ல, காயில் உட்கார்ந்திருக்கிறதோ சூடான டைனமோ மேல. செம்மோர் வரைக்கும் நல்லா ஓடி டவுன்ல நிக்கிறதுக்கு இதுதான் காரணம்.

வயரும் தலைகீழா இருக்கு. நெகட்டிவ் எர்த் காடிக்குத்தான் + முனை சாவிக்குப் போகும். உங்களது பாசிட்டிவ் எர்த், அதனால − முனை சாவிக்கு, + முனை டிஸ்ட்ரிபியூட்டருக்கு. தலைகீழா இருந்தாலும் காடி ஓடும், ஆனா பிளக்ல பாய அதிக வோல்ட் கேக்கும். ஏற்கனவே சூட்டுல சோர்ந்த காயிலுக்கு அது கூடுதல் சுமை.

செய்யவேண்டியது: ரெசிஸ்டர் தேவைப்படாத 12 வோல்ட் 3 ஓம் காயில் ஒண்ணு. கடையில நின்னே மீட்டர் வச்சுப் பார்த்து வாங்குங்க, பெட்டி மேல எழுத்தை மட்டும் நம்பாதீங்க. பாயின்ட்டைக் கழட்டிப் பாருங்க, குழியும் மேடுமா தீஞ்சிருந்தா மாத்தி 0.015 அங்குலம் வைங்க. பாயின்ட் தீயாம காக்கிற கண்டென்சரும் அதோட புதுசு. ஆனா பழசு நல்லா இருந்தா தூக்கிப் போடாம காடியிலயே வைங்க, இப்ப வர்ற புதுசுல சிலது வாங்கின அன்னிக்கே போயிடுது. எர்த்தை நெகட்டிவ்வா மாத்திடலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, அதுக்கு இங்க அவசியமே இல்ல.

ஊர்வலத்துல ரொம்ப நேரம் நின்னா எஞ்சினை அணைங்க, சாவியையும் கட்டாயம் மூடுங்க. எஞ்சின் ஓடாம சாவி திறந்திருந்தா, பாயின்ட் மூடின நிலையில நின்னிருக்கும் பட்சத்துல காயில் சும்மாவே வெந்துடும்.

ஈப்போ மினி:

பெரியவரே, நல்லா படிச்சுக்கிட்டேன். அக்கா, என் பழைய 3 ஓம் காயில் வீட்டுல சும்மா கிடக்குது, இப்பதான் அளந்தேன், 3.1. எலெக்ட்ரானிக் போட்டப்ப கழட்டினது. நாளைக்கு சிப்புட் பக்கம் வேலை இருக்கு, கொண்டாந்து தர்றேன்.

சிப்புட் மைனர்:

தம்பி கொடுத்த காயில் மாட்டி, வயரை மாற்றி, பாயின்ட்டும் கண்டென்சரும் புதிதாகப் போட்டாயிற்று. பழைய பாயின்ட் நடுவில் குழி விழுந்து கிடந்தது. சந்தை நேரத்தில் டவுனை விடாமல் சுற்றினோம், ஒரு மணி நேரத்துக்கும் மேல். நிற்கவில்லை! காயில் கை பொறுக்கும் சூட்டில்தான் இருந்தது. அப்பா முதல் வேலையாக அந்தப் பட்டறைக்கு ஓட்டிப்போய்க் காட்டிவிட்டு வந்தார்.

கடைசியாக ஒன்று. 1961 வரை வந்த மைனர்களில் சிக்னல் விளக்குக்குப் பதிலாகக் கதவுத் தூணிலிருந்து கை ஒன்று நீளும் அல்லவா, எங்கள் வலதுபக்கக் கை பாதியிலேயே நின்றுவிடுகிறது. பிள்ளைகள் அதைப் பார்க்கத்தான் ஆவலாக இருக்கிறார்கள்.

பழைய பட்டறை (தைப்பிங்):

கையால பிடிச்சு இழுத்துடாதீங்க, ஒடிஞ்சா கிடைக்காது. சிக்னலைப் போட்டு அதுவா வெளியே வந்த அளவுலயே, அடியில இருக்கிற அச்சுல தையல் மிஷின் எண்ணெய் ஒரே சொட்டு. ரெண்டு மூணு தடவை போட்டு நிறுத்துங்க. பெரும்பாலும் தூசிதான். அதுலயும் வரலைன்னா எர்த் சுத்தம் பண்ணணும், ஞாயிறு காலையில நான் வந்து பார்க்கிறேன். ஊர்வலத்துல பின்னால வர்ற இளசுகளுக்கு அந்தக் கை என்னன்னே தெரியாது, அதனால கண்ணாடியை இறக்கி உங்க கையையும் நீட்டுங்க. நான் ஏழரைக்குத் திடல்ல இருப்பேன், என் பையில ஒரு கண்டென்சரும் இருக்கும்.