மறு: எடிஷன், வெர்ஷன், ரிலீஸ், பில்ட் – நான்குக்கும் தனித்தனிச் சொல் வேண்டும் (கொஞ்சம் அவசரம்)

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு உதவிக் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். கணினியில் எந்த இயங்குதளம் இருக்கிறது, அதில் எந்த ரிலீஸ் ஓடுகிறது என்று கண்டுபிடிப்பது பற்றி ஒரு அத்தியாயம். நாளை மறுநாள் ஒப்படைக்க வேண்டும். விண்டோஸ் பக்கத்துக்கு வரும்வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. அங்கே ஒன்றன்கீழ் ஒன்றாக எடிஷன், வெர்ஷன், ஓஎஸ் பில்ட் என்று வரிகள். எடிஷன் என்பது ஹோமா ப்ரோவா என்று சொல்வது, வெர்ஷன் 22எச்2 மாதிரி, பில்ட் (மென்பொருளைக் கட்டும்போது இடும் எண்) 19045 மாதிரி. நாம் எடிஷனுக்கும் பதிப்பு, வெர்ஷனுக்கும் பதிப்பு என்று எழுதிப் பழகிவிட்டோம். "பதிப்பு: ப்ரோ, பதிப்பு: 22எச்2" என்று அச்சானால் படிப்பவர் புத்தகத்தை மூடிவிடுவார்.

லினக்ஸ் பக்கம் இன்னும் மோசம். இயங்குதள விவரத்தைக் காட்டும் யுநேம் கட்டளையோடு -ஆர் கொடுத்தால் ரிலீஸ், -வி கொடுத்தால் வெர்ஷன், இரண்டும் வேறுவேறு. ரிலீஸுக்கு வெளியீடு என்று போடலாம் என்றால் அவுட்புட்டுக்கும் அதே சொல்தான் கையில் இருக்கிறது. "வெளியீட்டில் வெளியீடு தெரியும்" என்று ஒரு வாக்கியம் எழுதிவிட்டு எழுந்து போய்விட்டேன். உதவுங்கள்.

* * *

அம்மா, இதில் குழப்பமே இல்லை. பதித்தல் என்றால் அழுந்தச் செய்தல், அச்சில் அழுந்தியது பதிப்பு. உ.வே.சா. ஏடுகளைத் தேடி அச்சேற்றினாரே, அது பதிப்பு. மறுபடி அச்சிட்டால் இரண்டாம் பதிப்பு. ஆகவே அந்தச் சொல் எடிஷனுக்கு உரியது, வெர்ஷன்காரர்கள் அதைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஒரே செய்யுள் ஏட்டுக்கு ஏடு மாறினால் அதைப் பாடம் என்போம், பாடவேறுபாடு என்போம். வெர்ஷன் என்பது அதுதானே? பாடம் என்றே எழுதுங்கள்.

வெளியீடு பற்றி. இடு என்பதே ஈடு ஆயிற்று, முதனிலை திரிந்த தொழிற்பெயர், கெடு – கேடு போல. ஈடு என்றதும் திருவாய்மொழி உரைகள் நினைவுக்கு வரும். ஆறாயிரப்படி, ஒன்பதினாயிரப்படி, பன்னீராயிரப்படி, இருபத்துநாலாயிரப்படி, எல்லாவற்றிலும் பெரிதாக ஈடு முப்பத்தாறாயிரப்படி. ஒரே நூலுக்கு ஐந்து உரை, ஒவ்வொன்றுக்கும் பெயரிலேயே எண்! பில்ட் எண் என்று நீங்கள் இப்போது தேடுவதை அவர்கள் அப்போதே வைத்துவிட்டார்கள். பில்டுக்குப் படி என்று வையுங்கள், நகல் என்ற பொருளும் அதற்கு உண்டு.

* * *

ஐயா, ரசித்தேன். ஆனால் ஒரு படி என்பது 32 எழுத்து. ஆறாயிரப்படி என்றால் உரையில் ஆறாயிரம் தடவை முப்பத்திரண்டு எழுத்துகள். அது பில்ட் எண் இல்லை, கோப்பின் அளவு :-)

* * *

நான் கணினி வகுப்பு எடுக்கிறவன். "உன் கணினியில் எந்தப் பாடம் ஓடுகிறது" என்று கேட்டால் பிள்ளைகள் மூன்றாம் பாடம் என்பார்கள். தொலைபேசியில் உதவி கேட்பவரிடம் "எந்த வெர்ஷன் வைத்திருக்கிறீர்கள்" என்றால் உடனே புரிகிறது. வெர்ஷன் என்றே எழுதிவிட்டுப் போங்களேன், யாருக்கு என்ன நட்டம்?

* * *

நட்டம் மொழிக்கு. வடசொல்லையே வடவெழுத்தை நீக்கி எடுத்துக்கொள்ளச் சொன்ன தொல்காப்பியத்தை வைத்துக்கொண்டு ஷகரத்தோடு ஒரு சொல்லைக் கையேட்டில் ஏற்ற வேண்டுமா? ரிலீஸுக்கு 'விடுகை' அழகான சொல். விடு என்ற வினை, கை விகுதி. விடுகை, விடுகை எண், முன்விடுகை, பின்விடுகை என்று எத்தனை கிளைக்கிறது பாருங்கள்.

* * *

விடுகையை வேகமாகப் படித்தால் விடுகதை என்றுதான் கண்ணில் படுகிறது. யுநேம் காட்டும் வரியைப் பார்த்தால் அதுவும் பொருத்தம்தான்.

சரி, சொல்லை விடுங்கள், பொருளைப் பார்ப்போம். சர்வர்களோடு மல்லுக்கட்டுவதுதான் என் வேலை, அதனால் சொல்கிறேன். யுநேம் -ஆர் சொல்வது கெர்னலின், அதாவது இயங்குதளத்தின் உட்கருவின், ரிலீஸை மட்டும். உங்களிடம் இருக்கும் லினக்ஸ் வழங்கல் (டிஸ்ட்ரோ) உபுண்டுவா டெபியனா, அதில் எது என்று அது சொல்லாது. -வி என்ன காட்டுகிறது என்றால், அதே கெர்னலை எத்தனையாவது முறை, எந்தத் தேதியில் கட்டினார்கள் என்பதை. அதாவது பெயர் வெர்ஷன், உள்ளே இருப்பது பில்ட் விவரம். வழங்கலின் பெயரும் பதிப்பும் வேண்டுமென்றால் இடிசி அடைவில் ஓஎஸ்-ரிலீஸ் என்ற கோப்பைத் திறக்க வேண்டும். கோப்பின் பெயரில் ரிலீஸ், உள்ளே வரிகளில் வெர்ஷன். ஆங்கிலத்திலேயே ஒழுங்கில்லாததைத் தமிழில் ஒழுங்குபடுத்தப் பார்க்கிறோம்.

விண்டோஸில் 22எச்2 என்றால் 2022-இன் இரண்டாம் பாதி. விண்டோஸ் 10-க்கும் 22எச்2 உண்டு, 11-க்கும் உண்டு! பில்டைப் பார்த்தால்தான் பிரியும், 10 என்றால் 19045, 11 என்றால் 22621. இத்தனைக்கும் விண்டோஸ் 11 தன்னை உள்ளுக்குள் 10.0 என்றே சொல்லிக்கொள்கிறது. விண்டோஸ் 7-இன் உள் எண் 6.1. அதனால் தயவுசெய்து யாரும் "எத்தனையாவது பதிப்பு" என்று எழுதாதீர்கள். வேறு பல மொழிகளில் இல்லாத அருமையான கேள்விச்சொல்தான், ஆனால் இந்த எண்கள் வரிசை எண்களே இல்லை. உபுண்டு 24.04 என்பது இருபத்துநாலாவது உபுண்டு அல்ல, 2024 ஏப்ரல். 8.1-க்கு அப்புறம் விண்டோஸ் 10 வந்தது, 9 எங்கே என்று கேட்காதீர்கள். ஆர்ச் லினக்ஸில் அந்த ஓஎஸ்-ரிலீஸ் கோப்பைத் திறந்தால் பில்ட் இருக்கும் இடத்தில் 'ரோலிங்' (எண்ணில்லாமல் தொடர்ந்து புதுப்பிக்கப்படுவது) என்று மட்டும் இருக்கும்.

என் யோசனை: எடிஷனுக்கு 'வகை'. ஹோம், ப்ரோ எல்லாம் வகைதானே. வெர்ஷன் பதிப்பாகவே இருக்கட்டும். ரிலீஸ் வெளியீடு. இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டியது அவுட்புட்தான், கட்டளை கேள்வி என்றால் திரையில் வருவது 'விடை'. பில்டுக்குக் 'கட்டெண்'. டெபியன் 12-இன் புக்வோர்ம் மாதிரியான பெயர்களை மட்டும் மொழிபெயர்த்துத் தொலைக்காதீர்கள், பயனர் அதைத் திரையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

* * *

கட்டெண் காதில் கட்டணம் என்று விழுகிறது. "உங்கள் கட்டெண் எவ்வளவு?"

* * *

உருவாக்க எண் என்று வைக்கலாமா? நீளம்தான். பெட்டியில் இடம் போதுமா தெரியவில்லை.

* * *

இயங்குதளம் என்பதையே நான் ஏற்கவில்லை, தெரியுமல்லவா? தளம் என்றால் பிளாட்ஃபார்ம். இயக்க முறைமை என்பதே சரி. அடித்தளத்திலேயே கோளாறு, இதில் வகை என்ன, பதிப்பு என்ன.

* * *

ஐயா, அந்த விவாதத்தை இப்போது திறக்காதீர்கள், காலில் விழுகிறேன்.

இதுவரை வந்ததில் வகை, பதிப்பு, வெளியீடு, விடை நான்குக்கும் பெரிய எதிர்ப்பு இல்லை, அல்லது எதிர்த்தவர்கள் களைத்துவிட்டார்கள். பில்டுக்குக் கட்டெண் என்றே போடுகிறேன், முதல் இடத்தில் மட்டும் "ஒவ்வொரு முறை கட்டும்போதும் மாறும் எண்" என்று ஒரு விளக்கம் சேர்த்து. யுநேம் -வி வருமிடத்தில் பதிப்பு என்று எழுதாமல் "கெர்னலைக் கட்டிய விவரம்" என்று நேராகச் சொல்லிவிடுகிறேன். அது அகராதிப்படி மொழிபெயர்ப்பு இல்லை, தெரியும். ஆனால் அந்தக் கட்டளையை அடிப்பவருக்குக் கிடைப்பது அதுதான்.

* * *

ஒப்படையுங்கள் அம்மா, நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் எடிஷனுக்கு வகை என்பது தப்பித்தல். வகை என்றால் இனப்பாகுபாடு, ப்ரோ என்பது அதே பொருளைக் கூடுதல் வசதிகளோடு வெளியிடுவது. பதிப்பு எடிஷனுக்கே என்ற என் மாற்றுக் கருத்து பதிவில் இருக்கட்டும். படியைப் பற்றியும் யாரும் ஒழுங்காக மறுக்கவில்லை. அளவு என்றார் ஒருவர், அளவும் எண்தானே?

* * *

விடுகைக்கு ஒரு வாக்கு என்று குறித்துக்கொள்ளவும்.

* * *

கையேடு வந்ததும் வகுப்புக்கு எடுத்துக்கொள்கிறேன். 'பதிப்பு' பக்கத்தில் பென்சிலால் வெர்ஷன் என்று எழுதித்தான் கொடுப்பேன், யாரும் கோபிக்க வேண்டாம்.