ஜெபித்தும் பதில் இல்லை, சந்தேகப்படுவது பாவமா?

கேள்வி: அம்மாவுக்குப் புற்றுநோய் திரும்பி வந்துவிட்டது. ஜெபிக்க முழங்கால் போட்டால் வார்த்தையே வரவில்லை, ஆண்டவர் கேட்கிறாரா என்றே சந்தேகம். சபையில் சிலர் எனக்கு விசுவாசம் போதாது என்கிறார்கள். இது பாவமா?

பதில்: இல்லவே இல்லை. பைபிளில் பெரும் துன்பம் அனுபவித்த யோபு, தான் பிறந்த நாளையே சபித்தவர், கடவுளிடம் வழக்காடியவர். கடைசியில் கர்த்தருக்குக் கோபம் மூண்டதோ, 'நீ பாவம் செய்திருப்பாய்' என்று விளக்கம் சொன்ன நண்பர்கள்மேல்தான் (யோபு 42:7). உங்களைக் குறை சொன்னவர்கள் அதை வாசிக்கட்டும்.

பதில்: தங்கச்சி, வார்த்தை வராவிட்டால் பைபிளில் சங்கீதம் 88ஐ அப்படியே வாசிங்க. கடைசி வரியில்கூட இருள்தான், ஆனாலும் கர்த்தரை நோக்கித்தான் கதறுகிறது. அதுவும் ஜெபம்தான்.

பதில்: மாற்கு சுவிசேஷம் 9ஆம் அதிகாரத்தில் ஒரு தகப்பன் தன் மகனுக்காக 'என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்' என்று அழுதார். இயேசு அவரைத் தள்ளவில்லை, பையனைக் குணமாக்கினார். அப்புறம், யார் என்ன சொன்னாலும் அம்மாவின் சிகிச்சையை நிறுத்திவிடாதீங்க.