எதிர்நீச்சல் பார்க்கும்போது உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள், முதலில் நான் எழுதிவிடுகிறேன்

2022 பிப்ரவரியில் சன் டிவியில் எதிர்நீச்சல் சீரியல் தொடங்கியபோது, கோலங்கள் சீரியலை எடுத்த திருச்செல்வம் இயக்குகிறார் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் பார்க்க உட்கார்ந்தேன். மதுரையில் ஒரு பெரிய வீடு, நான்கு அண்ணன் தம்பிகள், நான்கு மருமகள்கள், எல்லாருக்கும் மேலே ஆதி குணசேகரன். ஈஸ்வரி படித்தவள், ரேணுகாவுக்கு நாட்டியம் தெரியும், நந்தினியின் கைப்பக்குவத்துக்கு ஊரே வரிசையில் நிற்கும், கடைசியாக வந்த ஜனனி கேள்வி கேட்கத் தெரிந்தவள், ஆனால் இந்த நான்கு பேரின் திறமையும் அடுப்படி வாசலைத் தாண்டக் கூடாது என்பதுதான் அந்த வீட்டுச் சட்டம். கதை இவ்வளவுதான், ஆனால் இதைப் பார்த்துக்கொண்டே எங்கள் வீட்டிலும் வெளியிலும் எத்தனை பேர் வாய் திறந்தார்கள் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அதிகம் பேச மாட்டார், சீரியல் ஓடும்போது அந்த ஒன்றிரண்டு வார்த்தையும் வராது. நந்தினி சமையல் ஆர்டர் எடுக்கும் கதை ஓடிய நாட்களில் ஒருநாள் விளம்பர இடைவேளையில் டிவியைப் பார்த்தபடியே, "நான் தையல் மெஷின் வச்சிருந்தேன், தெரியுமா?" என்றார். கல்யாணத்துக்கு முன்னால் ஜாக்கெட் தைத்து அவரே சம்பாதித்த காசில் வாங்கிய மெஷின். புகுந்த வீட்டில் "ஊர்ப் பொம்பளைங்க துணியெல்லாம் நம்ம வீட்டுக்கு வரணுமா" என்று ஒரு பேச்சு வந்து, அப்புறம் அது பரணுக்குப் போய், அங்கிருந்து யாருக்கோ விற்றும் போய்விட்டது. யார் விற்றார்கள் என்று கேட்டேன், அதற்குள் சீரியல் மறுபடி தொடங்கிவிட்டது, "அப்புறம் சொல்றேன்" என்றார். மறுநாள் சாம்பாருக்குக் காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது அவராகவே முழுக் கதையையும் சொன்னார். எனக்குக் கல்யாணமாகி இவ்வளவு வருஷத்தில் இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, அவர் பெற்ற பிள்ளைக்கே தெரியாது.

இன்னொன்று ரயிலில் நடந்தது. பாண்டியன் எக்ஸ்பிரஸ் எழும்பூரில் கிளம்புகிற நேரமும் எதிர்நீச்சல் போடுகிற ஒன்பதரையும் ஏறக்குறைய ஒன்று. செல்போனில் சன் நெக்ஸ்ட்டைத் திறந்து சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தேன். எதிர் சீட்டிலிருந்த பெரியவர், "ஏம்மா, குணசேகரன் குரல் மாதிரி இருக்கே, கொஞ்சம் சத்தமா வையேன்" என்றார். வைத்தேன். பக்கத்துச் சீட்டிலிருந்த அம்மாவும் பெண்ணும் எட்டிப் பார்த்தார்கள், மேல் பெர்த்தில் படுத்திருந்த பையன் இறங்கி வந்தான். கதையில் அந்த வீட்டு அப்பத்தாவுக்குச் சொத்தில் இருக்கும் நாற்பது சதவீதப் பங்கு யாருக்குப் போகும் என்று பெரிய விவாதம் நடந்தது. பெரியவர் கடைசிவரை குணசேகரன் கட்சிதான்: "சொத்தைப் பிரிச்சா குடும்பம் நிக்காதும்மா." அந்தப் பெண் விடவில்லை. "அப்போ உங்க வீட்ல பொண்ணுக்குப் பங்கு குடுத்தீங்களா தாத்தா?" என்று நேராகவே கேட்டுவிட்டாள், அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "குடுக்கலதான்" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய மனைவி அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. "கேட்டுச்சு, குடுக்கல" என்றார், அவ்வளவுதான்.

இதெல்லாம் நடக்கக் காரணம் குணசேகரனாக வந்த மாரிமுத்துவின் நடிப்புதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். சீரியல் வில்லன் என்றால் கண்ணை உருட்டுவான், பின்னால் இசை அலறும். இவர் சாப்பிட்டுக்கொண்டே, பாதி சிரிப்போடு, நம் சித்தப்பா பெரியப்பா பேசுகிற மாதிரியே பேசினார். அந்த "இந்தாம்மா ஏய்" எல்லார் வீட்டிலும் ஏற்கெனவே கேட்டுப் பழகிய குரல், அதனால்தான் அப்படிப் பரவியது. ஒரு விஷயம் மட்டும் சொல்ல வேண்டும், இரண்டாம் பாகத்தில் குணசேகரன் மகன் தர்ஷனின் கல்யாணத்தை வாரக்கணக்கில் இழுத்தது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் ஒருநாள்கூட விடாமல் பார்த்தேன்.

சரி, நீங்கள் எழுதுங்கள்.

*

அக்கா, நான் தேனி மாவட்டம். மாரிமுத்து சார் எங்கள் பக்கத்துக்காரர், வருசநாடு அருகே பசுமலைத்தேரி. 2023 செப்டம்பர் 8 காலையில் எதிர்நீச்சலுக்கு டப்பிங் பேசப் போன இடத்தில் நெஞ்சுவலி வந்து இறந்துவிட்டார் என்று செய்தி வந்தபோது நான் எங்கள் உரக்கடையில் இருந்தேன். கடைக்கு வந்த ஒருவர் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். ஜெயிலர் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அந்தப் படத்தில் அவரைப் பார்த்துவிட்டு வந்த பேச்சே இன்னும் ஓயவில்லை. சினிமாவில் உதவி இயக்குநராக எத்தனையோ வருஷம் கிடந்து, 2008-இல் கண்ணும் கண்ணும், 2014-இல் புலிவால் என்று இரண்டு படம் இயக்கியும் பெரிய பெயர் கிடைக்காத மனிதர், சின்னத்திரைக்கு வந்து ஒரே சீரியலில் ஊரையே பிடித்துவிட்டார் என்று எங்களுக்கெல்லாம் அவ்வளவு பெருமை.

வீட்டுக்குப் போனால் அம்மாவும் தெருப் பெண்களும் வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். முந்தின நாள் ராத்திரிவரை "இவன் நல்லா இருப்பானா" என்று குணசேகரனுக்குச் சாபம் விட்டவர்கள் அத்தனை பேரும். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா மட்டும், "நான் குணசேகரனைத்தான்யா வஞ்சேன், அவரை ஒருநாளும் வஞ்சதில்ல" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். யாராலும் அவரைத் தேற்ற முடியவில்லை. உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டுவந்த நாளில் அவர்கள் எல்லாரும் வேன் பிடித்துப் போய் அஞ்சலி செலுத்திவிட்டு வந்தார்கள்.

அப்புறம் சில வாரங்கள், குணசேகரன் வீட்டைவிட்டுப் போய்விட்டார் என்று காட்டி, அவர் இல்லாமலே கதையை ஓட்டினார்கள். ஆள் திரையில் இல்லை, ஆனால் ஒவ்வொரு காட்சியிலும் அவரைப் பற்றித்தான் பேச்சு. எனக்கு அந்த வாரங்கள்தான் மொத்த சீரியலிலும் மனதை அறுத்தவை.

*

எனக்கு எங்கள் ஆச்சிதான் எதிர்நீச்சல். ஆச்சி 2003-லிருந்து 2009 வரை கோலங்கள் ஒருநாள் விடாமல் பார்த்தவள், அதன் கதாநாயகி அபியைச் சொந்தப் பேத்தி மாதிரி பேசுவாள். அதில் தொல்காப்பியனாக நடித்தவரும் திருச்செல்வம்தான். அவரே ஜீவானந்தம் என்ற பாத்திரமாக எதிர்நீச்சலுக்குள் வந்தாரே, அன்றைக்கு ஆச்சி கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "ஏட்டி, நம்ம தொல்காப்பியன்லா வந்திருக்கான்! இனி பிள்ளைகளுக்குப் பயமில்ல" என்றாள். இது வேறு கதை ஆச்சி, வேறு ஆள் என்று சொல்லிப் பார்த்தேன், "எனக்கு அவனத் தெரியும், நீ சும்மா இரி" என்று சொல்லிவிட்டாள்.

வேல ராமமூர்த்தி குணசேகரனாக வந்ததை அவள் ஒத்துக்கொள்ளவே ரொம்ப நாளானது. நான் ஒத்துக்கொண்டேன், ஏனென்றால் அவர் மாரிமுத்துவைப் போலச் செய்ய முயலவே இல்லை. முன்னவர் சிரித்துக்கொண்டே மிரட்டுவார், இவர் சும்மா நின்று பார்த்தாலே வீடு அடங்கும். அதே மாதிரி இரண்டாம் பாகத்தில் மதுமிதா இல்லாமல் பார்வதி ஜனனியாக வந்தபோது என் தோழிகள் பாதிப் பேர் இனிப் பார்க்க மாட்டோம் என்றார்கள், இப்போது முதல் ஆளாக டிவி முன்னால் அவர்கள்தான் உட்காருகிறார்கள்.

ஆச்சிக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. ஒன்பதரைக்கு நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வசனத்தையும் சத்தமாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். குணசேகரன் பேசுவதை நான் சொன்னால் என்னையே முறைப்பாள், நந்தினி பேசுவதைச் சொன்னால் என் முதுகில் தட்டிக் கொடுப்பாள்.